மலர்விழி தொட்ட முகம்

"சாந்தி, உனக்கு வெளியிலிருந்து எதிரி வேண்டாம், உன் வாயே போதும்" என்று என் அம்மா சொல்வாள். முப்பத்தொன்பது வயதில், ஓர் எட்டு வயதுப் பிள்ளையின் கட்டிலருகில் நின்று அதை ஒப்புக்கொண்டேன்.

மலாக்காவில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் நான் நர்ஸ். இந்த ஆண்டு டாக்டர் நோராய்னியின் ஆய்விலும் வேலை செய்கிறேன். அறுவை முடிந்து மயக்கம் தெளிந்த பிள்ளைகளுக்கு வலி மருந்து எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதே ஆய்வு. பெரியவர்களின் அளவை எடைக்கு ஏற்பக் குறைத்தால் முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. முடியாது. பிள்ளையின் உடம்பு மருந்தைக் கையாளும் விதமே வேறு.

அதனால் பிள்ளைகளையே கேட்கிறோம். ஒரு தாளில் ஆறு முகங்கள். முதல் முகம் சிரிக்கும், அதற்குப் பூஜ்யம். கடைசி முகம் அழும், அதற்குப் பத்து. தன் வலிக்குத் தக்க முகத்தைப் பிள்ளை தொட வேண்டும். எண் ஆறுக்குப் போனால் கூடுதல் மருந்து. "இந்த எண்ணை வைத்துத்தான் நாளை வேறொரு பிள்ளைக்கு மருந்து அளப்போம்" என்று டாக்டர் அடிக்கடி சொல்வார். தமிழ்ப் பிள்ளைகளைக் கேட்பதற்கென்றே என்னைச் சேர்த்துக்கொண்டார்.

மலர்விழி ரெம்பியாவிலிருந்து வந்தாள். சைக்கிளில் விழுந்து முறிந்த கால் கோணலாகக் கூடிவிட்டது. எலும்பை வெட்டி நேராக்க வேண்டும். அப்பா சுகுமாரனுக்குச் செங் வட்டாரத்தில் தொழிற்சாலை வேலை. முகத்தில் தாடி, மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. அடுத்த வாரம் மாசி மகம். மகள் நேராக நடக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, சன்னாசி மலையில் அலகு குத்திக் காவடி எடுக்க விரதம் இருந்தார். அவரோடு வீடே சைவம்.

அறுவை அன்று காலையில் தியேட்டருக்குப் போகும் முன் பிள்ளை நடுங்கினாள். தைரியம் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன்.

"அப்பா வேல் குத்துறப்ப அழுவாரா? விரதம் சுத்தமா இருந்தா வலிக்காதுல்ல? அதே மாதிரிதான் லா. நீ நல்ல புள்ள, உனக்கும் வலிக்காது."

நம்மில் யார் வீட்டில் இதைச் சொல்லவில்லை? பிள்ளை என்னையே பார்த்தாள். நடுக்கம் நின்றது. எனக்குப் பெருமை வேறு.

பதினோரு மணிக்குத் தாளைக் காட்டினேன். சிரிக்கும் முகத்தைத் தொட்டாள். பூஜ்யம். ஒரு மணிக்கும் அதே முகம். மூன்று மணிக்கும் அதே முகம், ஆனால் விரலின் வியர்வை தாளில் ஒட்டியது.

டாக்டர் வந்து எண்களைப் பார்த்தார், பிறகு பிள்ளையைப் பார்த்தார். "நாடி நூற்று நாற்பது. சோற்றைத் தொடவில்லை. இது பூஜ்யமா?" என்று மலாயில் கேட்டார். "மருந்தைத் தயார் செய்கிறேன். நீ பேசிப் பார்."

கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். மூடிய கை திறக்கவில்லை.

"வலிக்குதாம்மா? மருந்து போடலாமா?"

"வேணாம் மிஸி. மருந்து போட்டா அப்பாவுக்குத் தெரிஞ்சிடும்."

"என்ன தெரிஞ்சிடும்?"

குரல் இறங்கியது. "ஸ்கூல் கெண்டீன்ல ஆயாம் கோரெங் சாப்பிட்டேன். ஒரே ஒரு கோழித்துண்டுதான். நீங்கதான சொன்னீங்க, சுத்தமா இருந்தா வலிக்காதுன்னு. எனக்கு வலிக்குதுன்னு சொன்னா வெரதம் கெட்டது தெரிஞ்சிடும். அப்பாவுக்கு வேல் குத்துறப்ப ரத்தம் வரும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது நான், அடிபட்டது பிள்ளை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. "மிஸி சொன்னது தப்பும்மா" என்றேன். அவள் நம்பவில்லை. காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு பேசுபவளை யார் நம்புவார்கள்?

தாழ்வாரத்திலிருந்து சுகுமாரனை அழைத்து வந்தேன். கோழியைப் பற்றிச் சொல்லவில்லை.

"அண்ணே, வேல் குத்துறப்ப வலிக்குமா?"

"அதெல்லாம் இல்ல மிஸி. சாமி வந்துட்டா ஒன்னும் தெரியாது." பழகிய பதில்.

"உங்க மக காலையிலேருந்து வலிய அடக்கிட்டு இருக்கா. உங்கள மாதிரி இருக்கணும்னு நெனைக்கிறா. நெசத்த சொல்லுங்க."

அவர் மகளைப் பார்த்தார். காப்பைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"வலிக்கும்மா" என்றார் கடைசியில். "பதினோரு வருசமா எடுக்கிறேன். ஒவ்வொரு வருசமும் வலிக்கும். உங்கம்மாகிட்டகூட சொன்னதில்ல."

"வெரதம் சரியா இல்லையாப்பா?"

"வெரதம் சரியாத்தான் இருந்தேன். இருந்தும் வலிச்சிச்சு."

மலர்விழி தாளை அவர் பக்கம் தள்ளினாள். "எது? காட்டுங்க."

கிரீஸ் ஏறிக் கறுத்த நகம். அவர் விரல் ஐந்தாவது முகத்தில் நின்றது. பிள்ளை அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் விரலை அதற்குப் பக்கத்தில், கடைசி முகத்தில் வைத்தாள். அப்போதுதான் அழுதாள். வார்டு முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

டாக்டர் மருந்தைச் செலுத்தினார். கால் மணி நேரத்தில் மூடியிருந்த கை தானாகத் திறந்தது.

"அப்பா, நான் கோழி சாப்பிட்டேன்" என்றாள் தூக்கக் கலக்கத்தில்.

சுகுமாரன் அவள் நெற்றியைத் துடைத்தார். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

மேசைக்குத் திரும்பினேன். ஆய்வுத் தாளில் எதையும் அழிக்கக் கூடாது. தவறின் மேல் ஒரு கோடு போட்டு, காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூன்று பூஜ்யங்களின் மேலும் கோடு போட்டேன். காரணம் என்ற இடத்தில், 'அறுவைக்கு முன் நர்ஸ் பிள்ளையிடம் சொன்ன வார்த்தை' என்று எழுதினேன்.

டாக்டர் படித்துவிட்டு என்ன வார்த்தை என்று கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இதே வார்த்தையை இதற்கு முன் எத்தனை பிள்ளைகளிடம் சொன்னாய், சாந்தி?"

எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன். ஜனவரியிலிருந்து ஒன்பது தமிழ்ப் பிள்ளைகள். முதல் கோப்பைப் பிரித்தேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.