புரதத்துக்கு ஒரு வேண்டுதல்

1

இந்தக் கதை ஒரு வாய்த்தகராறில் பிறந்தது. தாய்லாந்தின் கோன்கென் நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்தபோது, முதுகுக்குப் பின்னால் இரண்டு தோழிகள் சண்டை போட்டார்கள்.

முதல் வரியாக "செல் என்பது ஒரு தொழிற்சாலை, அதில்—" என்று தொடங்கினேன். வேண்டாம். அந்த வரியில்தான் உயிரியல் வகுப்பே தூங்கிப்போகும்.

2

அந்தத் தோழிகளில் ஒருத்தியான வாரீ, செல்களை வைத்து, ரத்தத்தை உறையவைக்கும் புரதம் ஒன்றைச் செய்யப் பார்க்கிறாள். அது பச்சையாக ஒளிரும்படி ஏற்பாடு. செல்கள் அதைச் செய்தால் மட்டும் போதாது, தாம் வளரும் திரவத்தில் வெளியே விடவும் வேண்டும். இம்முறையும் தவறினால் அவள் ஆய்வை மூடிவிடுவார்கள். அதனால் கட்டடத்துக்குப் பின்னாலுள்ள காவல் தெய்வத்திடம், புரதம் உருவானால் ஆடுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

(அவள் ஆடி யாரும் பார்த்ததில்லை. பார்க்க எல்லோருக்கும் ஆசை.)

3

உருவானது. செல்லில் புரதம் கோக்கும் ரைபோசோம்கள் புரதச் சங்கிலியைக் கோத்து, அதை மடிக்கும் இடமான எண்டோபிளாச வலைக்குள் தள்ளின. அங்கே ஒழுங்காக மடிந்தால்தான் செல்லின் பொட்டலம் கட்டும் பகுதியான கோல்கிக்குப் போய், பொட்டலமாகி, செல்லின் விளிம்பு வழியே வெளியேறலாம். சரியாக மடியாததை வலை விடாது. செல்லுக்குள் வலை பச்சையாக மின்னியது. திரவம் இருட்டாகவே இருந்தது.

"உருவாகணும்னுதானே கேட்ட? ஆயிடுச்சு, வந்து ஆடு," என்றாள் பக்கத்து மேசை பென்ஸ்ரீ.

"வெளிய வராம என்னத்துக்குடி ஆடறது?"

"வெளிய வரணும்னு சாமிகிட்ட சொன்னியா?"

"லேபுக்குப் பின்னாடியே குடியிருக்கு. இதுகூடவா தெரியாது?"

"மொதல்ல சொன்ன வாக்கக் காப்பாத்து. அப்புறம் அடுத்தத கேளு."

4

வாரீ செல்களைச் சற்றுக் குளிரான பெட்டிக்கு மாற்றினாள். குளிரில் சங்கிலி நிதானமாக மடியலாம். பிறகு ஆடப் போனாள்.

[நடனத்தை அரைப் பக்கம் வர்ணித்து அடித்துவிட்டேன். அவள் மானமும் முக்கியம்.]

பென்ஸ்ரீ வாளியைக் கவிழ்த்துத் தாளம் போட்டாள். எங்கள் பேராசிரியரும் கைதட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஆடி முடித்து, மூச்சு வாங்க, வாரீ மறுபடி வேண்டினாள். "நல்லா மடிஞ்சு, கோல்கி தாண்டி, வெளிய, திரவத்துக்குள்ள வரணும் சாமி."

"இப்பத்தான் வெவரமா கேட்டிருக்க. பதிலுக்கு என்ன செய்யறேன்னு சொன்ன?" என்றாள் பென்ஸ்ரீ.

"நீ ஆடுவேன்னு."

5

முடிவை இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில் திரவம் ஒளிர்கிறது. மற்றதில் பென்ஸ்ரீ தப்பிக்கிறாள், வாரீ மேசையைக் காலி செய்—

இதை முடிக்கக் கை வரவில்லை.

காலை. வாரீ திரவத்தைக் குழாயில் எடுத்து நீல விளக்கின் கீழ் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பென்ஸ்ரீயும் மூடிக்கொண்டாள். எழுதுகிற நானும்தான்.

உங்கள் கண் திறந்திருக்கிறது. குனிந்து பாருங்கள். பச்சை தெரிந்தால் முதலில் வாரீயிடம் சொல்லுங்கள். பென்ஸ்ரீ ஓடுவதற்குள் கதவைச் சாத்திவிடுங்கள்.