பூனைக்குச் சொன்னது

அந்த வீட்டில் மாமியார் மாப்பிள்ளையோடு மனம்விட்டுப் பேசியதே இல்லை. சண்டை ஒன்றும் கிடையாது. "வாங்க மாப்பிள்ளை", "சாப்பாடு மேசையில இருக்கு மாப்பிள்ளை" என்பதோடு மரியாதை முடிந்துவிடும். மீதி எல்லாவற்றையும் பூனைதான் கேட்டுக்கொள்ளும்.

"வந்துட்டியா? ஊரெல்லாம் சுத்தி முடிச்சு இப்பத்தான் வீடு ஞாபகம் வந்துதாக்கும்?" என்பார் பூனையிடம். பூனையோ நாள் முழுக்க ஜன்னல் மேடையை விட்டு இறங்கியிருக்காது. வாசலில் செருப்பைக் கழற்றும் மாப்பிள்ளைக்குக் காது சூடாகும். ஆனாலும் பூனைக்குச் சொன்னதற்கு மனிதன் எப்படிப் பதில் சொல்வது? நேரே உள்ளே போய்விடுவான். மருந்துக்கடை வேலை முடித்து அவனுக்கு முன்பே வந்திருக்கும் மனைவி, "நான் சாப்பிட்டாச்சு, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போவாள்.

அவன் தொழில் வீடியோ கேம் செய்வது. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை, கூடவே சில நண்பர்கள், அவ்வளவுதான் கம்பெனி. செய்வது இவர்கள் என்றாலும், அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பெரிய நிறுவனம் ஒன்று கூடச் சேர வேண்டும். சமைக்கிறவன் ஒருத்தன், பந்தி நடத்துகிறவன் இன்னொருத்தன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பந்திக்காரர் கை கொடுக்காவிட்டால் சமைத்ததைச் சமைத்தவனே தின்று தீர்க்க வேண்டியதுதான். இந்த முறையும் யாரும் சேராவிட்டால் அறைகளைப் பூட்டிவிட்டு ஆளுக்கொரு திசையில் வேலை தேடுவது என்று பேசி முடித்திருந்தார்கள்.

விளையாட்டு இதுதான். வழி தவறிய மின்மினி ஒன்று பெரிய வீட்டுக்குள் அலைகிறது. அந்த வீடே அதனோடு பேசுகிறது. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சரியான குரல் அமையும்வரை கையில் அகப்பட்ட எதையாவது ஒட்டி வைப்பார்கள், தையல்காரர் பின்னால் பிரிக்கப்போகிற தையலை ஓட்டி வைப்பதுபோல. மாப்பிள்ளை ஒரு விடுமுறை நாளில் சமையலறை அலமாரியில் போனை வைத்து, மாமியார் பூனையைத் திட்டியதைப் பதிந்து ஒட்டியிருந்தான். பிரித்துவிட்டு அனுப்ப நினைத்தவன், மறந்து அப்படியே ஒரு பெரிய நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டான்.

அடுத்த வாரம் அந்த நிறுவனத்திலிருந்து ஓர் அம்மா நேரிலேயே வந்துவிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கிக்கொண்டு கேட்டார்.

"வீட்டுக்குக் குரல் குடுத்தது யாரு?"

"அது சும்மா ஒட்டினதுங்க. எடுத்துடுவோம்."

"எடுத்தீங்கன்னா நாங்க இல்ல," என்றார் அவர், தண்ணீர் கேட்பதுபோலச் சாதாரணமாக. "எங்க ஆபீஸ்ல அவங்ககிட்ட திட்டு வாங்கறதுக்குன்னே வேணும்னு வழி தப்பி விளையாடறாங்க. முழுக் கதைக்கும் அவங்களே பேசணும். அவங்க சம்மதமும் வேணும். அது ரெண்டும் இருந்தா சேர்ந்து செய்யலாம். யாரு, நாடக நடிகையா?"

"இவரு மாமியார்ங்க," என்றான் நண்பர்களில் ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ளும் ஒலிக்காரன். "பேசினது பூனைகிட்ட."

சாயங்காலம் மாமியார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை சமையலறை வாசலில் வந்து நின்றான். எப்படிக் கேட்பது, சொல்லுங்கள்? கேட்டால், திட்டு தனக்குத்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். திருட்டுத்தனமாகப் பதிந்ததும் வெளியே வரும். கடைசியில் பூனை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"உன்னைத் திட்டினதைக் கேக்காமலே பதிஞ்சுட்டேன். தப்புதான்."

கத்தி நின்றது.

"பெரிய இடத்துல எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. இன்னும் வேணுமாம்."

"பூனை," என்றார் மாமியார் திரும்பாமல், "திட்டறதுக்குக் கூலி உண்டான்னு கேளு."

"உண்டுன்னு சொல்லு."

"இத்தனை நாள் சும்மாவே வாரி விட்டிருக்கேன் பாரு. முகம் தெரியுமான்னு கேளு."

"குரல் மட்டும்தான்னு சொல்லு."

"அப்ப வர்றேன். முகம் தெரிஞ்சா எங்க அக்கா ஆயுசுக்கும் கேலி பண்ணுவா."

பூனை இரண்டு பேரையும் பார்த்துவிட்டுக் காலை நக்கிக்கொண்டது.

ஆனால் பாருங்கள், பதிவு அறையில் குரல் வரவில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏன் இவ்வளவு நேரம் ஆனது?" என்று மாமியார் பேசியது ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். நிறுவனத்து அம்மா பேனா முனையைக் கடித்தார். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

"பூனை இல்லாம வரமாட்டேங்குது," என்றார் மாமியார்.

"கூட்டிட்டு வந்துடலாமா?" என்றான் ஒலிக்காரன்.

"வண்டியில ஏறினா வாந்தி எடுக்கும்."

மாப்பிள்ளை கதவைத் திறந்து உள்ளே போனான். மாமியார் எதிரில் தரையில் உட்கார்ந்தான். பூனை உட்காருகிற உயரம்தான்.

மாமியார் சுவரைப் பார்த்தார். கைப்பையைப் பார்த்தார். பிறகு அவனையே பார்த்தார்.

"உங்ககிட்டயே சொல்லிடறேன் மாப்பிள்ளை. அவ சாப்பிட்டாச்சுன்னு சொல்றாளே, அது பொய். உங்களோட சாப்பிடணும்னு தட்டைக் கழுவி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. உங்க வண்டிச் சத்தம் கேட்டதும் எடுத்து உள்ள வச்சுடுவா. காத்திருந்தது தெரிஞ்சா உங்களுக்குப் பாரமா இருக்குமாம். நான் பெத்தவ. எத்தனை நாள் பூனைகிட்டயே சொல்லிக்கிட்டு இருப்பேன்?"

அந்தக் குரல். வீடே வாய் திறந்ததுபோல இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறுவனத்து அம்மா பாதி எழுந்துவிட்டார்.

மாப்பிள்ளை கையைத் தூக்கினான். "நிறுத்து. இதை அழிச்சுடு."

"இதுதாங்க நான் தேடி வந்ததே," என்றார் அந்த அம்மா.

"தெரியுதுங்க. ஆனா இது எங்க வீட்டுப் பேச்சு. இதைக் குடுத்தாத்தான் சேர்வீங்கன்னா, வேண்டாங்க."

ஒலிக்காரன் முகம் வெளுத்தது. அந்த அம்மா பேனாவை மூடினார். அவருக்கும் வீட்டில் காத்திருக்கிறவர்கள் இருந்திருக்கலாம், நாம் என்ன கண்டோம். "அழிச்சுடுங்க தம்பி," என்று ஒலிக்காரனிடம் சொல்லிவிட்டுத் தன் பையில் பேனாவைப் போட்டார்.

"பதியறப்ப எரியற அந்தச் சிவப்பு விளக்கு அணைஞ்சுதா?" என்றார் மாமியார்.

"அணைஞ்சுது அத்தை."

"திருப்பிப் போடச் சொல்லுங்க. தொண்டையில நின்னது இறங்கிடுச்சு. இனி யாரை வேணும்னாலும் திட்டலாம்."

கைப்பையைத் தரையில் வைத்தார். மைக்கை நோக்கிக் குனிந்தார். "வாங்க மகாராஜா! வெளிச்சம் பின்னாடி இருக்கு, வழி முன்னாடி எப்படித் தெரியும்? இந்தப் பக்கம்தான் கதவு, முட்டிக்காம வா கண்ணு."

ஒலிக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். நிறுவனத்து அம்மா பையைத் திறந்து பேனாவை வெளியே எடுத்தார்.

அன்று வெளிச்சம் இருக்கும்போதே மாப்பிள்ளை மாமியாரோடு வீட்டுக்கு வந்துவிட்டான். மனைவி அவனையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சாப்பிட்டாச்சா?" என்றான்.

"சாப்பிட்..." என்று அவள் தொடங்க, மாமியார் இருமினார்.

"இல்ல," என்றாள் அவள்.

அவனே தட்டுகளை எடுத்து வைத்தான். அத்தைக்கும் ஒன்று. மாப்பிள்ளை வந்துவிட்டதால், வழக்கமான திட்டை வாங்கிக்கொள்ளப் பூனை நடந்து வந்து மாமியார் காலடியில் நின்றது.

"என்ன பாக்கற?" என்றார் மாமியார். "உனக்கு ஒண்ணும் இல்ல. போய்ப் படு."