திருப்பிச் சொல்லுங்க, டாக்டர்

ஜப்பானின் தொத்தோரி நகரில் நாங்கள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு டாக்டர் குவபாரா வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாட்களில் பரிசோதனை முடிவுகளை அவருடைய கிளினிக்குக்கு ஃபேக்ஸ் செய்துவிடுவோம்.

அந்தத் திங்கட்கிழமை காலை, நோசே என்ற முதியவரின் ரத்தத்தில் பொட்டாசியம் 6.8 என்று வந்தது. இதயமே நின்றுவிடக்கூடிய அளவு. நர்ஸ் இசோசாகி உடனே கிளினிக்குக்கு ஃபோன் செய்தாள்.

"ஃபேக்ஸ் வந்துடுச்சு. டாக்டர் சாயங்காலம் பார்ப்பார்" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"அவர் பேசற வரைக்கும் நான் ஃபோனை வைக்கிறதா இல்ல."

பத்து நிமிடம் கழித்து டாக்டர் ஃபோனுக்கு வந்தார். "இங்க நோயாளிங்க காத்திருக்காங்க. எனக்கே வேலை கத்துக்குடுக்கறீங்களா?"

"இல்ல டாக்டர். நோசே ஐயாவுக்குப் பொட்டாசியம் 6.8. நீங்க திருப்பிச் சொல்லுங்க, வச்சிடறேன்."

"6.8" என்று திருப்பிச் சொன்னார் அவர். பிறகு, "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லிடறேன்" என்றார்.

நோசே பிழைத்துக்கொண்டார். ஆனால் மறுநாள் கிளினிக்கிலிருந்து புகார் வந்தது. மன்னிப்புக் கேட்கும்படி எங்கள் இல்லத்தின் நிர்வாகி இசோசாகியிடம் சொன்னார்.

"நாளைக்கு இன்னொருத்தருக்கு வந்தாலும் இப்படித்தான் செய்வேன். அப்புறம் எதுக்கு மன்னிப்பு?" என்றாள் அவள்.

கடைசியில் நிர்வாகியே மன்னிப்புக் கடிதம் எழுதினார். அவள் அதில் கையெழுத்துப் போடவில்லை.