முகத்தைப் பார்த்துச் சொன்ன கதை

சினிமாவுக்குக் கதை எழுதப்போகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு உண்மையை யாரும் முதலிலேயே சொல்லித் தொலைப்பதில்லை. எழுதியதை அங்கே எவரும் படிக்க மாட்டார்கள். கண் எரிய எரிய எழுதி, அழகாக பைண்ட் செய்து கொண்டுபோய்க் கொடுத்தால், தயாரிப்பாளர் அதை மேசையில் போட்டு அதன் மேலேயே டீ கப்பை வைப்பார். "ம், சொல்லுங்க" என்பார். வாயால் சொல்ல வேண்டும். வாய் இல்லாதவன் எவ்வளவு எழுதினாலும் வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

ரைட்டருக்கு இது புரியவே பாதி வயது போய்விட்டது. ரைட்டர் என்பது அவன் எழுதிச் சம்பாதித்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணனுடைய லேத் பட்டறை ஆட்கள் கிண்டலுக்கு வைத்தது. "என்ன ரைட்டர், படம் எப்ப ரிலீஸ்?" என்பார்கள். அவனும் பல்லைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவான். கல்யாணமும் இல்லை, காட்சியும் இல்லை. அண்ணன் வீட்டு முன்னறைதான் அவனுக்கு அலுவலகம், படுக்கை எல்லாம். அண்ணி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சாப்பாடு முடிந்ததும், "கதாசிரியரே, தட்டு கழுவுற சீன் உங்களுக்குத்தான்" என்பாள், அவ்வளவுதான்.

கதை சொல்லும் வித்தை அவனுக்குத் தற்செயலாகத்தான் கைவந்தது. ஒரு தயாரிப்பாளரிடம் கடைசிக் காட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தான். கதாநாயகி சாகிறாள். அவர் முகம் அப்படியே தொங்கிப்போனது. கை கடிகாரத்துக்குப் போனது. ரைட்டர் யோசிக்கவே இல்லை, நாக்கு தானாகப் புரண்டது. "செத்துட்டாள்னு எல்லாரும் நினைக்கிறப்போ, சார்... விரல் அசையுது!" மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தப் படம் நடக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அன்றைக்குப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் கதையைப் பார்த்துக் கதை சொன்னதே இல்லை. எதிரே இருக்கிற முகத்தைப் பார்த்துச் சொன்னான். புருவம் சுருங்கினால் செத்தவன் பிழைத்தான், உதடு விரிந்தால் பிரிந்தவர்கள் சேர்ந்தார்கள். ஒரே கதைக்கு அவனிடம் ஏழெட்டு முடிவு இருந்தது. அண்ணன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அதனால் அவருக்கு மட்டும் எழுதியதை எழுதியபடி சொல்லியாக வேண்டியிருந்தது.

அந்த அண்ணன்தான் இப்போது ஆஸ்பத்திரியில் கிடந்தார். நுரையீரலில் கட்டி. பட்டறையில் எந்நேரமும் இரும்பைக் கடைந்துகொண்டிருந்த மனிதர், தலையணை உறை மாதிரி ஒட்டிப்போய்க் கிடந்தார். ஒரே மகள் வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பயிற்சிக் காலம் முடியாமல் கிளம்பினால் வேலை போய்விடும். அடுத்த மாதம் முடிகிறது. அவளை இப்போதே வரச் சொல்வதா, அதுவரை பொறுப்பதா என்பதுதான் அந்த வீட்டை அரித்துக்கொண்டிருந்த கேள்வி. டாக்டர் சொல்வதை வைத்து முடிவு செய்யலாம் என்று அண்ணி இருந்தாள்.

டாக்டர் கூப்பிட்டனுப்பிய அன்று காலையில்தான் ரைட்டருக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு கதவு திறந்தது. ஒரு தயாரிப்பாளர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "உன்கிட்ட பிடிச்சதே இதுதான்யா. நாம நெனைக்கிறதுக்கு முன்னாடியே மாத்திடுறே. ஹீரோகிட்ட டைம் வாங்குறேன், வந்து சொல்லு" என்றார். கால் தரையில் பாவாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான்.

"நீயே போய்க் கேட்டுட்டு வா தம்பி. அவர் சொல்றது எனக்குப் பாதி புரியாது. நீன்னா வந்து பக்குவமா சொல்லுவே" என்று அண்ணி அனுப்பிவைத்தாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. மருந்து இனிமேல் கேட்காது, ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள், பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்றார். ரைட்டர் தலையாட்டினான். நடைக்கு வந்தான். அழுகை வந்தது, அழுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு போனான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனான், அதில் சந்தேகமில்லை.

"மருந்து சரியா கேக்கலைன்னு சொல்றாரு அண்ணி..." என்று ஆரம்பித்தான்.

அண்ணியின் முகம் தொங்கியது.

பாழாய்ப்போன நாக்கு! "...ஆனா அது பழைய மருந்து. இப்போ புதுசா ஒண்ணு வந்திருக்காம். அதைக் குடுத்தா ரெண்டு மூணு மாசத்துல எழுந்து நடமாடலாமாம்."

அண்ணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் ரைட்டர் மருந்துக்கு ஒரு பேர்கூட வைத்தான்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். மறுநாள் அண்ணி தலைவாரி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். எப்படிச் சொல்வது? சரி, மகளிடமாவது சொல்வோம் என்று மாடிப்படிக்குப் போய் போன் போட்டான். எடுத்ததுமே, "சித்தப்பா! அம்மா எல்லாம் சொன்னாங்க. இங்க எல்லாருக்கும் சாக்லேட் குடுத்தேன்" என்றாள். குரலுக்கும் முகம் உண்டு. அவளிடம் இன்னும் நன்றாகச் சொன்னான். டாக்டரே ஆச்சரியப்பட்டார் என்று ஒரு வரி சேர்த்தான்.

"அப்போ அடுத்த மாசமே வரட்டுமா சித்தப்பா?"

"வா வா. அப்பாவே வந்து உன்னை அழைச்சுட்டு வருவாரு பாரு."

ஹீரோ வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. போனான். வாழ்நாளில் அப்படி அவன் கதை சொன்னதில்லை. ஹீரோ எழுந்து நின்று கைகொடுத்தார். தயாரிப்பாளர் அங்கேயே முன்பணக் கவரை நீட்டினார். ரைட்டர் உண்மையிலேயே ரைட்டர் ஆனான். அதற்கு மறுநாள் விடியற்காலையில் அண்ணன் போய்விட்டார்.

மகள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பெட்டியைக்கூட வைக்காமல் அப்பாவின் வெறுங்கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணியோ அழுது முடித்து ஆங்காரத்தில் இருந்தாள்.

"பொழச்சிடுவாருன்னு சொன்னவன் அவன்தானே! நாளைக்குப் போயி அந்த டாக்டரை நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கலைன்னா பாரு."

"நானும் வரேம்மா" என்றாள் மகள். "சித்தப்பா, நீங்களும் வாங்க. உங்ககிட்டதானே சொன்னாரு."

இரண்டு முகமும் அவனையே பார்த்தன. இந்த முகங்களுக்கு ஏற்ற முடிவு அவனிடம் ஒன்றுகூட இல்லை. ரைட்டர் முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"டாக்டர் அப்படிச் சொல்லலை அண்ணி. பத்து நாளுக்கு மேல தாங்காதுன்னாரு. பாப்பாவை உடனே வரச் சொல்லுன்னாரு. நான்தான்... உங்க மூஞ்சியைப் பாத்துட்டு மாத்திச் சொல்லிட்டேன்."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் தேவலை. மகள் மெல்லப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள். அண்ணி அவனைப் பார்க்கவே இல்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே கணக்குப் பார்ப்பவள்போலப் பேசினாள்.

"நீ ஹீரோ வீட்டுக்குப் போயிருந்தியே, அன்னைக்கு சாயங்காலம் அவர் எங்கிட்ட கேட்டாரு. 'பாப்பாவை வரச் சொல்லேன், பாக்கணும்போல இருக்கு'ன்னாரு. நான் சிரிச்சேன் தம்பி. 'இப்ப என்ன அவசரம், அடுத்த மாசம் வரத்தானே போறா. நீங்க எங்க ஓடியா போயிடப் போறீங்க?'ன்னு கேட்டேன்."

"அப்பா என்னம்மா சொன்னாரு?" என்றாள் மகள்.

"சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."