மணிக்கூண்டின் மேற்குப் பக்கம்

உலகத்தில் பாதிப் பேர் அந்த மணிக்கூண்டை நேரில் பார்த்திருக்கிறார்கள். மீதிப் பேர் பிஸ்கட் டப்பா மூடியில் பார்த்திருக்கிறார்கள். கிழக்கே ஒரு கடிகாரம், வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. மேற்கே மட்டும் வெறும் சுவர். ஏன் என்று கட்டியவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. போய்க் கேட்கலாம் என்றால் ஆள் செத்து வெகுகாலமாகிறது.

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சும்மா விடுவார்களா? வழிகாட்டி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒருவர் கேட்டுவிட்டார். வழிகாட்டிக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்கிற வழக்கமும் அந்தத் தொழிலில் கிடையாது. அதனால் வாயில் வந்ததைச் சொன்னார்: மேற்குத் தெருவில் ஒரு மகா சோம்பேறி இருந்தார். வாசலுக்கு நேரே கடிகாரம் வந்தால் தான் எழுந்திருக்கும் நேரம் ஊருக்கே தெரிந்துவிடுமே என்று, சாரத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். கொத்தனார்கள் எழுப்பிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். அவரைத் தாண்டித் தாண்டிக் கல் சுமந்து இடுப்பு விட்டுப்போய், கடைசியில் அந்தப் பக்கத்துக்குக் கடிகாரமே வேண்டாம் என்று பூசி மூடிவிட்டார்கள்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் கதை நிலைத்துவிட்டது. பிறகு அதற்குக் கை கால் முளைத்தது. சோம்பேறிக்குக் குறட்டை வந்தது. குறட்டைக்குப் பயந்து புறாக்கள் மேற்குப் பக்கம் உட்காருவதில்லை என்றும் சொன்னார். சொன்ன மறுவாரத்திலிருந்து புறாக்கள் உண்மையிலேயே அங்கே உட்காருவதை நிறுத்திவிட்டன. இதை அவரே தன் கண்ணால் பார்த்தார்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகளுக்கு ஓர் இடம் கூடிவந்தது. மெத்தைக் கடைக்காரர் வீட்டுப் பையன். அவளே பார்த்து, அவளுக்கே பிடித்துப்போன பையன்.

"அப்பா, காலைக் கூட்டத்துல அவரோட அம்மா வர்றாங்களாம்" என்றாள் மகள், அவருடைய சீருடைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே. "யாருன்னு காட்டிக்க மாட்டாங்க. நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு தள்ளி நின்னு பார்க்கணுமாம்."

"பார்த்துட்டுப் போகட்டும். எனக்கென்ன, கொம்பா முளைச்சிருக்கு?"

"அவங்க மேற்குத் தெருப்பா."

வழிகாட்டிக்குக் குடித்துக்கொண்டிருந்த காபி மூக்கில் ஏறியது.

"அந்தத் தூங்குமூஞ்சிக் கதையை மட்டும் இன்னைக்கு விட்டுடுங்கப்பா. அவங்க அம்மா வேணாம்னா அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாரு. எனக்கு அவரை விட்டா வேற யாரும் வேண்டாம்."

தாயில்லாமல் வளர்ந்த பெண். இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்காதவள். இதை மட்டும் கேட்டாள்.

அன்றைக்குக் கூட்டத்தில் நடுத்தர வயதுப் பெண்களாகவே வந்திருந்தார்கள். யார் என்று தெரியாததால் வழிகாட்டி கண்ணில் பட்ட அத்தனை பேரையும் சம்பந்தியம்மாவாகவே நடத்தினார். ஒருவருக்குக் குடை பிடித்தார். இன்னொருவருடைய பையைச் சுமந்தார். தமிழ் ஒரு எழுத்தும் தெரியாத ஒரு வெளிநாட்டு அம்மாளிடம் மூட்டுவலி பற்றி விசாரித்தார்.

மேற்குப் பக்கம் வந்ததும் யாரோ வழக்கம்போலக் கேட்டார்கள். வழிகாட்டி தொண்டையைச் செருமினார்.

"மேற்குத் தெருவுல ஒரு மகா உழைப்பாளி இருந்தாருங்க. கோழிக்கே அவர்தான் விடிஞ்ச சேதி சொல்வாரு. கடிகாரத்தை அண்ணாந்து பார்க்கற நேரத்துல இன்னும் ரெண்டு வேலை பார்ப்பேன், எனக்கு அது வேண்டாம்னுட்டாரு. அதான் வெறும் சுவர்."

கூட்டத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"படுத்துக்கிட்டாரே, அவரு எங்கே?"

கேட்டது துணிப்பையோடு நின்ற ஓர் அம்மாள். இதுவரை அவருக்கு மட்டும்தான் வழிகாட்டி எதுவும் செய்யவில்லை.

"அதெல்லாம் பொறாமைக்காரங்க கட்டிவிட்ட கதைம்மா."

"யோவ், அவரு எங்க வீட்டுக்காரரோட தாத்தாய்யா!" அம்மாளின் குரல் உடைந்தது. "நீங்க சொன்ன கதை காதுல விழுந்து, வீட்டுப் பெரியவங்களை விசாரிச்சோம். அந்தக் காலத்துல எங்க குடும்பத்துல வேலை வெட்டி இல்லாம இருந்தவரு அவர் ஒருத்தர்தான். பரண்ல கிடந்த படத்தைத் தேடி எடுத்து கடையில மாட்டினோம். இங்க கதை கேக்கறவங்க நேரா அங்கதான் மெத்தை வாங்க வர்றாங்க."

வழிகாட்டி சுவரையும் அம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார். தான் வாயால் பெற்ற ஆளுக்குப் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள் என்று யார் கண்டது?

"உசுரோட இருந்தவரைக்கும் உருப்படாதவன்னு பெத்த தாயே திட்டினாளாம். செத்தப்புறம்தான் அவருக்கு ஒரு மரியாதை வந்துச்சு. இப்ப வேலை செஞ்சாருன்னு அபாண்டமா பழி போடறீங்களே! எதிர்ல நிக்கறவங்க மூஞ்சியைப் பார்த்துக் கதையை மாத்தற மனுஷன் வீட்ல நான் எப்படிப் பொண்ணெடுக்கறது?"

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். எல்லாம் நானே கட்டிவிட்டது என்று சொல்லிவிடலாமா என ஒரு கணம் யோசித்தார் வழிகாட்டி. அந்த முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. மகளுடைய முகமும் கூடவே வந்து நின்றது.

"யாரும் போயிடாதீங்க!" என்று கத்தினார். "இவ்வளவு நேரம் சொன்னது வதந்தி. இனிமே சொல்றதுதான் வரலாறு."

சொல்லிவிட்டுச் சீருடையோடு சுவரடியில், கல்தரையில், அப்படியே நீட்டிப் படுத்தார். குறட்டை, கொத்தனார்கள், புறாக்கள் என்று ஒன்றையும் விடாமல் படுத்தபடியே சொன்னார். கொட்டாவி விட்டவர்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போகத் திரும்பிய அம்மாள் நின்றார். பிறகு பக்கத்தில் வந்து குனிந்தார்.

"மல்லாந்து படுக்க மாட்டாரு. ஒருக்களிச்சு, சுவரைப் பார்த்தாப்பல."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தானே படுக்கறாங்க. மாப்பிள்ளையும் அப்படித்தான், பார்க்கத்தானே போறீங்க."

வழிகாட்டி மறுபேச்சில்லாமல் திரும்பிப் படுத்தார்.

"ஆங். காலைக் கொஞ்சம் மடக்குங்க, சம்பந்தி."

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் உடம்பில் இருந்த முறுக்கெல்லாம் கழன்றது. கல் வெதுவெதுப்பாக இருந்தது. எழுந்திருக்கத்தான் நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் தூங்கிவிட்டார்.

அம்மாள் உதட்டில் விரல் வைத்துக் கூட்டத்தை அடக்கி, மெல்ல வடக்குப் பக்கம் அழைத்துப் போனார். அங்கே கதை சொன்னதும் அவர்தான். அதில் ஒரு வார்த்தைகூட வழிகாட்டி இதுவரை கேள்விப்படாதது. நின்று கேட்ட வடக்குத் தெருக்காரர்கள் இரண்டு பேர், அதில் வருவது எந்தத் தாத்தா என்று இன்னமும் வீட்டில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.