விளிம்புத் தோட்டா

சாவு வீட்டுப் பெண்கள் பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கக் குடத்தோடு கிளம்பிய சமயத்தில், ஹெட் கான்ஸ்டபிள் காளியப்பன் வெங்கடாசலத்தை மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்த நேரத்துல கேக்கறேன்னு மனசுல வச்சுக்காதீங்க. லைசென்ஸ்காரரு போயிட்டா துப்பாக்கியும் மிச்சத் தோட்டாவும் ஸ்டேஷனுக்கு வந்தாகணுமுங்க. எத்தன சுட்டாருன்னும் நான் எழுதணும்."

வெங்கடாசலம் தலையாட்டினான். தர்மபுரி ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துத் துணியில் சுற்றிக் கொடுத்த அண்ணனை வேனில் ஏற்றிவந்ததிலிருந்து, யார் எது சொன்னாலும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தான்.

முந்தின நாள் விடியற்காலையில் கடலைக்காட்டில் அண்ணன் மாரியப்பனைக் காட்டுப்பன்றி குத்திப்போட்டது. தொடை கிழிந்து, ஆள் வருவதற்குள் ரத்தம் முழுக்க மண்ணில் இறங்கிவிட்டது. துப்பாக்கி பக்கத்திலேயே கிடந்தது. சீமையிலிருந்து வந்த தோட்டா சமயத்தில் வெடிக்காமல் காலை வாரிவிட்டது என்று ஊரே பேசியது. வெங்கடாசலமும் அப்படித்தான் நம்பினான். நம்புவதற்கு அது வசதியாக இருந்தது.

உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்துப் தோட்டா போடும் இடத்துத் தாழை இழுத்துப் பார்த்தான். காலி. குழாயில் மருந்து வாசனையே இல்லை. வெடிக்காத தோட்டா என்றால் அதுவாவது உள்ளே இருக்க வேண்டுமே? காளியப்பன் காடு முழுக்கத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை என்றார்.

தீர்த்தம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"அண்ணி, தோட்டாவெல்லாம் எங்க?"

"குதிருக்கு மேல இருக்குது தம்பி."

எட்டி எடுத்தான். காக்கித்தாள் சுற்றிய கனமான சின்னப் பெட்டி. மெட்ராஸ் துறைமுகத்தில் கஸ்டம்ஸ்காரன் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டி வைத்த அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

அப்படியானால் ஒரு தோட்டாகூட வெளியே எடுக்கவில்லை.

மூன்று வருஷம் அலைந்து வாங்கிய பெட்டி அது. ஏற்காட்டில் எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து முறைப்படி பேர் மாற்றி வாங்கிய பழைய சுவிஸ் துப்பாக்கிக்கு. வாங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. மற்ற தோட்டாக்களுக்கு அடியில் நடுவே தட்டினால் வெடிக்கும். இதற்கு விளிம்பில் தட்ட வேண்டும், பற்றவைக்கும் மருந்தே விளிம்புக்குள்தான். சுட்ட கூட்டை மறுபடி நிரப்பவும் வழியில்லை. இந்த ரகம் செய்வதையே நிறுத்திவிட்டார்கள் என்று சேலத்துக் கடைக்காரர் கையை விரித்தார். காரிமங்கலம் சந்தையில் கடலை வியாபாரம் செய்யும் உசேன் பாய்தான், பெங்களூரில் ஒரு துப்பாக்கிக் கடையைக் காட்டினார். அந்தக் கடைக்காரர் ஊர் ஊராகக் கடிதம் போட்டு, எங்கோ ஐரோப்பாவில் ஒரு பழைய கடையில் மிஞ்சியிருந்த ஒரே பெட்டியைக் கண்டுபிடித்தார். பிறகு இறக்குமதி லைசென்ஸ், அந்நியச் செலாவணிக்கு ரிசர்வ் பாங்கு அனுமதி, கலெக்டர் ஆபீஸ் கையெழுத்து. பள்ளிக்கூடக் குமாஸ்தாவான வெங்கடாசலம்தான் எல்லா மனுவையும் இங்கிலீஷில் எழுதினான். துறைமுகத்தில் ஒருவன் பில் இல்லாமல் வேறொரு துப்பாக்கியே தருகிறேன் என்று காதைக் கடித்தபோது, "நம்முளுது நேரா வரட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் வரிசையில் போய் நின்றுகொண்டார்.

அது போன மாசியில். இப்போது ஐப்பசி.

"ஒடைக்கவே இல்லீங்களா அண்ணி?"

"வாரம் ஒருக்கா எடுத்துத் தொடைப்பாரு. ஒடைங்களேன்னு நானுங் கேட்டேன். இனி ஒலகத்துலயே கெடைக்காது புள்ள, அவசரத்துக்கு இருக்கட்டும்னாரு."

"அதவிட என்ன அவசரம் வரணும்?"

தீர்த்தம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கென்ன தம்பி தெரியும்? வெறுந்துப்பாக்கிய எடுத்துக்கிட்டுத்தான் தெனமும் காட்டுக்குப் போவாரு. பன்னிக்கு அது தெரியவா போவுதும்பாரு."

வெளியே பறை முழங்க ஆரம்பித்தது. உசேன் பாய் மாலையோடு வந்து, அண்ணன் காலடியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். வெங்கடாசலம் பெட்டியைக் காட்டினான். பாய் முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"கெடைக்காதுன்னு எல்லாருஞ் சொன்னாங்கல்ல, அதுக்காவத்தான் வாங்குனாரோ என்னமோ. பன்னிக்காவ இல்லீங்க தம்பி." பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்படியும் சொல்ல முடியல. நான் அந்தக் கடையக் காட்டாம இருந்திருந்தா, வேற துப்பாக்கி வாங்கியிருப்பாரு. இல்லீங்களா?" என்றார்.

வெங்கடாசலத்துக்கு அண்ணன் மேல் கோபம் வந்தது. காலடியில் கிடந்த மாலையைப் பார்த்ததும் அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சட்டத்துக்கு அடங்கி நடந்த மனுஷன் என்று பெருமைப்படுவதா, பைத்தியக்காரன் என்று திட்டுவதா? ஒருவேளை பன்றியைச் சுடவே மனசில்லையோ? கோழியைக்கூட அறுக்கக் கொடுத்துவிட்டு அண்ணன் அந்தப் பக்கம் போய்விடுவாரே. ஆனால் ஒரு நாயை ஒரே அடியில் அடித்துக் கொன்றதையும் இவன் பார்த்திருக்கிறான்.

காளியப்பன் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுகூட சுடலீங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்குங்க அவ்வளவு தூரத்துல இருந்து வரவழைச்சாரு?"

எண்ணி வாங்கியாக வேண்டும் என்பதால் காளியப்பன் சாவியால் அரக்கைப் பெயர்த்தார். எண்ணெய்த்தாளுக்குள் கட்டை விரல் பருமனில், செம்பு நிறத்தில் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருந்தன. எப்போது எழுந்து வந்தாளோ, தீர்த்தம்மாள் பின்னால் நின்றிருந்தாள். குனிந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இதுதானா?" என்றாள்.

எடுத்த குழியிலேயே அதைத் திரும்ப வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது. பிள்ளையில்லாத அண்ணனுக்கு வெங்கடாசலமே கொள்ளி வைத்தான்.

மறுநாள் காலை சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டுத் திரும்பியவன் அண்ணியை வீட்டில் காணாமல் கடலைக்காட்டுக்கு நடந்தான். பன்றி கிளறிப்போட்ட இடத்தில் செடிகள் வேரோடு கவிழ்ந்து கிடந்தன. தீர்த்தம்மாள் முறத்தை வைத்துக்கொண்டு சிதறிய காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மண் கறுத்திருந்த இடத்தை மட்டும் விட்டுச் சுற்றிப் பொறுக்கினாள்.

"வாங்க அண்ணி, வூட்டுக்குப் போலாம். இத நான் ஆளவுட்டுப் பாத்துக்கறேன்."

"ஈரத்துல கெடந்தா மொளச்சுப்புடும் தம்பி," என்றாள் அவள், தலை நிமிராமல்.

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு செடியைத் தூக்கி உதறினான். பிஞ்சும் முற்றலுமாகக் காய்கள் தொங்கின. எதைப் பறிப்பது, எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பறித்து முறத்தில் போட்டான்.