முழங்கால் அளவு

பத்தொன்பது வருடமாக ஒருநாள்கூடத் தவறாமல் நீர்மட்டம் குறித்தவர் என்று மதகுக்காரருக்கு ஒரு பெருமை உண்டு. அதைத் தன் வாயால் சொல்ல மாட்டார்; எதிரில் இருப்பவர் கையில் நோட்டைத் திணித்துவிடுவார். நீர்த்தேக்கத்தை ஒரு மீட்டர் உயர்த்த முடியுமா என்று ஆராய வந்திருந்த இன்ஜினியரம்மாவின் மேஜையிலும் அப்படித்தான் பத்தொன்பது நோட்டுகளை அடுக்கிவிட்டு, பாராட்டுக்காகக் காத்து நின்றார்.

அந்த அம்மா ஒரு மணி நேரம் புரட்டினார். கரை தாங்கும் என்று ஏற்கெனவே சோதித்தாகிவிட்டது. தண்ணீர் ஏறப்போகும் இடத்தில் வீடோ வயலோ இல்லை. மிச்சம் ஒரே கேள்விதான்: உயர்த்திய பிறகு நிரப்பத் தண்ணீர் வேண்டாமா? இப்போது நிரம்பி, கலங்கல் சுவரைத் தாண்டி வீணாக வழிவது எவ்வளவு என்று தெரிந்தால் விடை கிடைத்துவிடும்.

"அண்ணே, மழைக்காலம் முழுக்க 'நிறைந்தது', 'நிறைந்தது'ன்னே எழுதியிருக்கீங்களே. சுவருக்கு மேல எவ்வளவு உயரம் போச்சு?"

"அளவுகோல் சுவரோட முடிஞ்சிடுது மேடம். நிறைஞ்சா நிறைஞ்சதுதானே? அதுக்கு மேல என்னத்த எழுதறது?"

"அப்போ இன்னும் அஞ்சு வருஷம் புதுசா அளந்துட்டுத்தான் சொல்ல முடியும். இந்த நோட்டெல்லாம் இதுக்கு உதவாதுண்ணே."

மதகுக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. ஐந்து வருடம் தள்ளிப்போவதுகூடப் பெரிதில்லை. 'உதவாது' என்ற அந்த ஒரு சொல்தான் முள்ளாகத் தைத்தது. எட்டு மாதத்தில் ஓய்வு பெறப்போகிற மனிதரிடம் சொல்லக்கூடிய சொல்லா அது?

சாயங்காலம் வீட்டில் காபியைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தவரை அவர் மனைவி குடைந்து குடைந்து கேட்டு விஷயத்தைப் பிடுங்கினாள். அக்கரைப் பள்ளிக்கூடத்தில் பதினாறு வருடமாக டீச்சர் அவள். கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்களே! தினமும் அந்தச் சுவர் மேல நடந்து வேலைக்குப் போறவ நான். தண்ணி வழிஞ்சா லேட்டு, இல்லேன்னா லீவு. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தண்ணின்னு லெட்டர் எழுதிக் குடுத்திருக்கேன்."

மறுநாள் காலை இன்ஜினியரம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அங்கே தலைமையாசிரியைக்குச் சந்தேகம் பிறவிக் குணம். இந்த டீச்சர் தண்ணீரைச் சாக்குச் சொல்லி மட்டம் போடுகிறாள் என்று என்றைக்காவது நிரூபிப்பதற்காகவே எல்லாக் கடிதங்களையும் தனி ஃபைலில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். மொத்தம் நூற்று நாற்பத்திரண்டு. கணுக்கால் அளவு என்றால் நடந்தே வந்து பத்து நிமிடத் தாமதம். கெண்டைக்கால் அளவு என்றால் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்து ஒரு மணி நேரத் தாமதம். முழங்கால் அளவு என்றால் பாலத்துச் சாலையும் முழுகியிருக்கும், விடுப்பு.

இன்ஜினியரம்மா டேப்பை எடுத்து டீச்சரின் காலை அங்கேயே அளந்தார். ஆனால் முகம் முழுதாகத் தெளியவில்லை.

"ஒரு டீச்சர் காலை நம்பி அறிக்கை எழுதினியான்னு மேல கேட்பாங்களே."

"கீழ பாருங்க," என்றார் தலைமையாசிரியை. "வெறும் லெட்டர் செல்லாது, நீர்த்தேக்க ஊழியர் சான்று வேணும்னு நான்தான் கறாரா சொன்னேன்."

ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் 'உண்மை' என்று எழுதி, மதகுக்காரரின் கையெழுத்து.

"பார்த்துத்தானே போட்டீங்க?"

"இவ தண்ணில கால் வைக்கிறப்ப கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே நான்தான் மேடம். தண்ணியைப் பார்த்தேன். லெட்டரைப் படிக்கல. அவசரத்துல நீட்டுவா, போட்டுடுவேன்."

நான்கு நாள் கழித்து அலுவலகத்துக்கு இருவரையும் கூப்பிட்டுவிட்டார் இன்ஜினியரம்மா.

"உயர்த்தலாம்ணே. பதினாறுல பதிமூணு வருஷம் தாராளமா நிரம்பும். உங்க நோட்டுல 'நிறைந்தது'ன்னு இருக்கிற தேதியும் லெட்டர் தேதியும் அப்படியே பொருந்துது. உங்க நோட்டு மட்டும் இல்லேன்னா இந்த லெட்டரை ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. அறிக்கைல முதல் ஆதாரமே அதுதான்."

மதகுக்காரருக்கு மனசு குளிர்ந்துபோனது. அதை மறைக்கத் தெரியாமல் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. இந்தத் தேதில உங்க நோட்டுப்படி தண்ணி சுவருக்கு நாலடி கீழ. ஆனா டீச்சர் லீவு. உங்க கையெழுத்தும் இருக்கு."

மதகுக்காரர் எட்டிப் பார்த்தார். இத்தனை வருடப் பெயரும் இந்த ஒரு தாளில் போய்விடுமோ? டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் கடிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்தார்.

'இன்று கலங்கலில் தண்ணீர் இல்லை. வழி காய்ந்து கிடக்கிறது, வரலாம். ஆனால் மழைக்காலம் முழுவதும் மதகிலேயே கிடந்த என் கணவர் இன்றுதான் காலையிலேயே மட்டம் குறித்துவிட்டு வீட்டில் இருக்கிறார். அவருடன் ஒரு நாள் இருக்க ஆசையாக உள்ளது. ஆகவே விடுப்பு அளிக்க வேண்டுகிறேன்.'

கீழே 'உண்மை' என்று அவர் கையெழுத்து. அதற்கும் கீழே சிவப்பு மையில், 'அனுமதிக்கப்படுகிறது', தலைமையாசிரியை.

"அப்போ நோட்டும் சரி, லெட்டரும் சரி," என்று இன்ஜினியரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு தாள்களைத் தேட ஆரம்பித்தார்.

மதகுக்காரர் காதுவரை சிவந்து மனைவியைப் பார்த்தார்.

"இதை நான் படிக்கவே இல்லையே."

"படிச்சிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?" என்றாள் அவள்.